மரமும் மனையும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சொந்த மனையில் நிற்கும் மரங்களைக் குறித்த ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஒரு சாரார் தம் வேலிக்குள் நிற்கும் மரத்தைத் தம் விருப்பம்போல் வெட்டலாம் என்று நம்புகின்றனர். மறு சாரார் எந்த மரத்தைத் தொட்டாலும் சிறைதான் என்று அஞ்சுகின்றனர். தென்னாப்பிரிக்கச் சட்டம் மரத்தின் இனம் என்ன என்பதையும், அது நிற்கும் நிலம் எத்தகையது என்பதையும் பார்த்தே அனுமதியை முடிவு செய்கிறது. இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கேள்விகளைச் சுருக்கியும், எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டும் வெளியிடுகிறோம்.

கேள்வி: எங்கள் மனையின் பின்புறத்தில் என் தகப்பனார் நட்ட மாமரம் ஒன்று நிற்கிறது. மகனுக்காக ஓர் அறை கட்ட அதை அகற்ற வேண்டியுள்ளது. அரசாங்கத்தின் அனுமதி இல்லாமல் வெட்டினால் வழக்கு வரும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா? (சாட்ஸ்வொர்த்)

பதில்: ஐயா, தங்கள் உறவினர் கேள்விப்பட்டது 1998ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டத்தைப் பற்றியதாக இருக்கலாம். அந்தச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட மரங்களின் பட்டியல் ஒன்று அரசிதழில் வெளியிடப்படுகிறது. மஞ்சள்மரம் எனப்படும் யெல்லோவுட், மாரூலா, பால்மரம் எனப்படும் மில்க்வுட், பாவோபாப், ஒட்டகமுள் மரம் முதலிய இனங்கள் அதில் உள்ளன. இவை யாவும் இந்த நாட்டு மண்ணுக்கே உரியவை. நம் முன்னோர் கரும்புத் தோட்டங்களின் ஓரத்திலும் பின்னர் நகரத்து மனைகளிலும் நட்டு வளர்த்த மா, பலா, முருங்கை ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே மாமரம் ஒன்றை வெட்டுவதற்கு வனத்துறையின் உரிமம் தேவையில்லை.

அப்படியிருந்தும் ரம்பத்தை எடுக்குமுன் தாங்கள் உறுதி செய்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. டர்பன் பகுதியை நிர்வகிக்கும் எத்தேக்வினி மாநகராட்சி தன் நகரத் திட்டத்தில் டி-மாஸ் எனப்படும் திறந்தவெளி வலைப்பின்னல் ஒன்றை வரையறுத்துள்ளது. ஓடைக்கரைகள், செங்குத்தான சரிவுகள், காட்டுத் துண்டுகள் முதலியவற்றை இணைக்கும் இந்த வலைப்பின்னல் அரசு நிலத்தின் மேல் மட்டுமல்லாமல் தனியார் மனைகளின் மேலும் படர்ந்து செல்கிறது. சாட்ஸ்வொர்த்தில் பல வீடுகளின் பின்பகுதி பள்ளத்தாக்கை நோக்கிச் சரிந்து செல்வதால், மனையின் முன்பாதி சாதாரணக் குடியிருப்பு நிலமாகவும் பின்பாதி டி-மாஸ் எல்லைக்கு உட்பட்டதாகவும் இருக்கக்கூடும். அப்படியிருந்தால் அங்கே கட்டடம் எழுப்பவும், செடிகொடிகளை அழித்து நிலத்தைத் திருத்தவும் மாநகராட்சியின் சுற்றுச்சூழல் திட்டப் பிரிவு இசைய வேண்டும். அறைக்கு எப்படியும் கட்டட வரைபடம் சமர்ப்பிக்கத்தான் போகிறீர்கள். அதற்கு முன்பே மனை எண்ணைக் கொடுத்து இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் பின்னர் வரைபடம் திரும்பி வராது.

சட்டத்துக்கு அப்பால் ஒரு சொல். சரிவில் வேரூன்றிய பெரிய மரம் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. 2022 ஏப்ரல் மாத வெள்ளத்தில் டர்பன் பகுதியில் எத்தனை சரிவுகள் இடிந்து வீடுகளோடு கீழிறங்கின என்பதைத் தாங்களே கண்டிருப்பீர்கள். வெட்டிய மரத்தின் வேர் சில ஆண்டுகளில் மட்கும்போது அந்தப் பிடியும் போய்விடும். அறையை நான்கைந்து அடி நகர்த்தினால் மரமும் நிற்கும், அறையும் எழும் என்ற நிலை இருந்தால், வரைபடக்காரரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். வெட்டியே ஆக வேண்டுமெனில் தூரை உடனே தோண்டி எடுக்காமல், சரிவைத் தாங்க மதில் கட்டி முடியும்வரை விட்டு வையுங்கள்.

கேள்வி: கடலோரத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மனை உண்டு. வீட்டுக்கும் கடலுக்கும் இடையே பழைய மரங்கள் அடர்ந்து காட்சியை மறைக்கின்றன. மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை வந்து விடியற்காலையில் முடித்துவிடுகிறேன், யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார். அவை ஏதோ பால்மரம் என்று தோட்டக்காரர் சொல்கிறார். (டொங்காட்)

பதில்: அந்த ஒப்பந்தக்காரரை அனுப்பிவிடுங்கள். தோட்டக்காரர் சொல்வது சரியாக இருந்தால், ஒரே மரத்துக்கு இரண்டு பாதுகாப்புகள் இருக்கின்றன.

குவாசுலு-நட்டால் கடற்கரையில் இரண்டு வகைப் பால்மரங்கள் பரவலாக உள்ளன. ஒன்று வெள்ளைப் பால்மரம்: தோல்போல் தடித்த கரும்பச்சை இலை, இலைக்காம்பைக் கிள்ளினால் வெண்பால் கசியும், சிறிய, கருமையான பழம், காற்றுக்கு வளைந்து முறுக்கிய அடிமரம். மற்றொன்று கடற்கரைச் செம்பால்மரம்: அதன் இலையின் ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும், பழம் சிவந்த நிறத்தில் நீள்வட்டமாக இருக்கும், பறவைகளும் குரங்குகளும் விரும்பி உண்ணும். தமிழ்நாட்டுக் கோயில்களில் பூச்சரம் தொடுக்க உதவும் மகிழமரத்தின் நெருங்கிய உறவு இது. மகிழமரமும் செம்பால்மரமும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இந்த இரு பால்மரங்களுமே பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ளன.

தேசிய வனச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட மரத்தை உரிமமின்றி வெட்டுவதையும் சேதப்படுத்துவதையும் மட்டுமல்லாமல், வெட்டிய மரத்தை வைத்திருப்பதையும், ஏற்றிச் செல்வதையும், வாங்குவதையும், விற்பதையும், இலவசமாகக் கொடுப்பதையும்கூடத் தடை செய்கிறது. ஆகவே முதுகில் மரக்கட்டை ஏற்றிய லாரியோடு ஒப்பந்தக்காரரும், மனையின் உரிமையாளராகிய தாங்களும் குற்றத்தில் பங்காளிகள் ஆவீர்கள். தண்டனை அபராதம், அல்லது 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டும் சேர்ந்து.

அடுத்த பாதுகாப்பு 7ஆம் பிரிவு. உச்சிக் கிளைகள் ஒன்றோடொன்று கலந்து நிழல் மூடிய இயற்கைக் காடாக அந்த இடம் இருந்தால், பட்டியலில் இல்லாத சாதாரண உள்நாட்டு மரத்தைக்கூட உரிமமின்றி வெட்டக் கூடாது. இந்தக் காடு தனியார் மனைக்குள் இருந்தாலும் விதி மாறாது. கடலோர மணல்மேட்டுக் காடுகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதாம். மணலைக் கட்டி வைத்திருப்பது அந்தக் காடு. அது போனால் கடற்காற்றும் அலையும் தங்கள் வீட்டு அடித்தளத்தைத்தான் முதலில் தொடும்.

காட்சி வேண்டும் என்ற விருப்பத்தை நான் குறை கூறவில்லை. உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டு. வனம், மீன்வளம், சுற்றுச்சூழல் துறையின் மாகாண அலுவலகம் பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் இயங்குகிறது. எந்த இனம், எத்தனை மரம், மனையில் எங்கே நிற்கிறது, ஏன் வெட்ட வேண்டும், வேறு வழி ஏன் இல்லை ஆகியவற்றைப் படங்களோடு எழுதிக் கொடுக்க வேண்டும். முழு மரத்தையும் கேட்பதைவிட, தேர்ந்த மரப் பராமரிப்பாளர் ஒருவரைக் கொண்டு சில கிளைகளை மட்டும் கழிக்க அனுமதி கேட்பது நியாயமாகவும் நடைமுறைக்கு ஏற்றதாகவும் இருக்கும். கிளை கழிப்பதும் சட்டத்தின் பார்வையில் வெட்டுவதே என்பதால் அதற்கும் உரிமம் தேவை என்பதை மறவாதீர்கள். கடிதம் கைக்கு வரும்வரை ஒரு கிளையும் விழக் கூடாது.

கேள்வி: பக்கத்து வீட்டு அவகாடோ மரத்தின் கிளைகள் எங்கள் கூரைமேல் படர்ந்திருக்கின்றன. இலை விழுந்து மழைநீர் வாய்க்கால் அடைத்துக்கொள்கிறது. வேர் வந்து மதிலில் விரிசல் விட்டிருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் இரண்டு முறை சொல்லியும் பயனில்லை. நாங்களே வெட்டலாமா? மரத்தையே எடுக்கச் சொல்லி நீதிமன்றம் போகலாமா? (ஃபீனிக்ஸ்)

பதில்: சகோதரி, தங்கள் கடிதத்தில் மூன்று குறைகள் உள்ளன, சட்டம் மூன்றையும் வேறு வேறாகப் பார்க்கிறது.

இலை உதிர்வதைப் பொறுத்தவரை நீதிமன்றம் தங்களுக்கு உதவாது. 1951ஆம் ஆண்டில் சீரஸ் நகராட்சிக்கு எதிராக வந்த வழக்கில், தெருவோர ஓக் மரங்களின் இலைகள் வீட்டு வாய்க்காலை அடைப்பதாகக் கூறி மனை உரிமையாளர் தடையாணை கேட்டார். மரம் வளர்ப்பது நிலத்தின் இயல்பான பயன்பாடு, காற்றில் இலை பறந்து வருவதை அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற அடிப்படையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாய்க்காலின் மேல் கம்பி வலை போடுவதுதான் தீர்வு.

படர்ந்த கிளை வேறு விஷயம். எல்லைக்கோட்டைத் தாண்டி வந்த கிளை தங்கள் மனையின் வான்வெளியில் நுழைந்த ஒன்று. முதலில் மர உரிமையாளரிடம் கழிக்குமாறு கேட்க வேண்டும். வாய்ச்சொல்லாகக் கேட்டதை இப்போது ஒரு கடிதமாக, நாள் குறிப்பிட்டு, நியாயமான அவகாசம் தந்து எழுதுங்கள். அதன் பிறகும் செய்யாவிட்டால் எல்லைக்கோடு வரை தாங்களே கழித்துக்கொள்ளலாம். கோட்டைத் தாண்டி ஓர் அங்குலமும் போகக் கூடாது. அனுமதியின்றி அவர் மனைக்குள் ஏறக் கூடாது. வேரில் மருந்து ஊற்றி மரத்தைப் பட்டுப்போகச் செய்வது சேதமாகக் கருதப்பட்டு இழப்பீட்டில் கொண்டுபோய் விடும். வெட்டிய கிளையும் அதில் தொங்கும் காயும் மரத்துக்குரியவருடையவை. எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அவர் மறுத்தால் மட்டுமே தாங்கள் அப்புறப்படுத்தலாம். இவை அனைத்தும் அவகாடோ போன்ற சாதாரண மரத்துக்கே பொருந்தும். படர்ந்த கிளை பாதுகாக்கப்பட்ட இனத்தினுடையதாக இருந்தால் கோட்டுக்கு இந்தப் பக்கமும் உரிமம் வேண்டும்.

வேர்தான் உண்மையிலேயே கனமான பகுதி. மதில் விரிசலுக்கு வேரே காரணம் என்று நிறுவினால் இழப்பீடு கேட்க இடமுண்டு. ஆனால் மரத்தையே அகற்று என்று நீதிமன்றம் எளிதில் உத்தரவிடுவதில்லை. 2003இல் சட்ட அறிக்கையில் வெளிவந்த திரான்ஸ்வால் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இதே போன்ற சச்சரவைப் பற்றியது. இருவரின் நலனையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும், நகரத்தில் மரங்கள் தரும் நன்மையையும் அந்தத் தராசில் சேர்க்க வேண்டும், குறைந்த கடுமையுள்ள வழி இருந்தால் அதையே நாட வேண்டும் என்பது அதன் சாரம்; மரத்தை அகற்றும் உத்தரவு மறுக்கப்பட்டது. தங்கள் விஷயத்தில் அந்தக் குறைந்த கடுமையுள்ள வழி, மதிலோரமாகப் பள்ளம் தோண்டி வேர்த்தடுப்புத் தகடு இறக்குவது. அடிமரத்துக்கு மிக அருகில் ஒரு பக்கத்துத் தடித்த வேர்களை எல்லாம் ஒரே நாளில் அறுத்துவிட்டால், அடுத்த புயலில் மரம் சாய்ந்துவிடக்கூடும். அது தங்கள் கூரையின் மேலாகவும் இருக்கலாம். ஆகையால் எங்கே அறுப்பது என்பதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியைக்கூட இந்தத் தகடு விழுங்காது. அந்த அம்மாவும் பாதிச் செலவை ஏற்க இசையக்கூடும். கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரில் ஒரு முறை போய்ப் பேசுங்கள்.

கேள்வி: எங்கள் கொல்லையில் பாட்டன் காலத்து நாவல் மரம் நிற்கிறது. அதை ஆக்கிரமிப்பு மரம் என்றும், வைத்திருப்பதே குற்றம் என்றும் ஒருவர் சொன்னார். ஆயா அதன் நிழலில்தான் உட்காருவார். மனம் ஒப்பவில்லை. (ஸ்டாங்கர்)

பதில்: முதலில் அது உண்மையிலேயே நம் நாவல்தானா என்று பாருங்கள். இங்கே உம்டோனி என்று சுலு மொழியில் அழைக்கப்படும் உள்நாட்டு மரம் ஒன்று நாவலின் மிக நெருங்கிய உறவு. பழமும் ஊதாக் கருமை, நாக்கும் கறுக்கும். அதனால் நம்மவர் பலர் இரண்டையும் நாவல் என்றே சொல்லிவிடுகின்றனர். வேறுபாடு இலையில் உண்டு. நாவல் இலைக்குத் தெளிவான காம்பு இருக்கும், நுனி கூர்மையாகும். உம்டோனி இலை நீலம் கலந்த பச்சை. அகன்று வட்டமாகி, அடிப்பகுதி இதய வடிவில் கிளையைத் தழுவிக்கொண்டு ஏறக்குறைய காம்பே இல்லாமல் கிளை நுனியில் கொத்தாக நிற்கும். ஓடைக்கரை, ஈரநிலம் ஆகியவற்றில் தானாக முளைத்த மரமாக இருந்தால் உம்டோனியாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அது இந்த மண்ணின் மரம். ஆயா நிம்மதியாக உட்காரலாம்.

உண்மையான நாவலாக இருந்தால், 2004ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் வெளியான ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் அது இருக்கிறது என்பது உண்மையே. இந்த ஒழுங்குவிதிகள் 2014இல் வந்து, 2020இல் திருத்தி வெளியிடப்பட்டன. பட்டியலில் உள்ளவை எல்லாம் உடனே வெட்டப்பட வேண்டியவை என்று எண்ண வேண்டாம். 1அ பிரிவு இனத்தை உடனடியாக ஒழிக்க வேண்டும். 1ஆ பிரிவு இனம் கட்டுப்படுத்தப்பட வேண்டியது. நடவோ, விற்கவோ, கொடுக்கவோ கூடாது. 2ஆம் பிரிவு அனுமதிச்சீட்டோடு வளர்க்கக்கூடியது. 3ஆம் பிரிவு இனத்தில் இருக்கும் மரம் நிற்கலாம், புதிதாகப் பெருக்கக் கூடாது. ஆனால் ஆற்றங்கரையில் நின்றால் அதுவும் 1ஆ போலவே நடத்தப்படும். ஒரே மரம் மாகாணத்துக்கு மாகாணம் வேறு பிரிவில் வரலாம். ஆகவே குவாசுலு-நட்டாலுக்கு உரிய வரியைப் பட்டியலில் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

பறவைகள் இந்தப் பழத்தைத் தின்று விதையை ஓடைகளுக்கும் காடுகளுக்கும் கொண்டு செல்கின்றன. நம் மரத்தின் கன்றுகள் அங்கே உள்நாட்டு மரங்களின் இடத்தைப் பிடிக்கின்றன. பாட்டன் நட்டபோது இதை யாரும் அறிந்திருக்கவில்லை. அவர் அன்போடு நட்டதைக் குற்றமாக எண்ணித் தாங்கள் வருந்த வேண்டியதில்லை. கட்டுப்படுத்தும் கடமை மட்டும் இப்போது தங்களுடையது. கன்றுகளைப் பிடுங்குவதையும், உதிரும் பழத்தைக் கூட்டி அள்ளுவதையும் இன்றே தொடங்கலாம். பெரிய மரத்தை அகற்றத்தான் வேண்டும் என்றாகிவிட்டால், அதன் அருகில் உம்டோனிக் கன்று ஒன்றை முன்கூட்டியே நட்டு வளர விடுங்கள் என்பது என் வேண்டுகோள். நிழலும் வரும், நாக்கும் கறுக்கும்.

கேள்வி: வீட்டை விற்கப் போகிறோம். முற்றத்தில் சிரிங்கா மரம் இரண்டு உள்ளன. வாங்குபவரிடம் சொல்ல வேண்டுமா? (லெனேசியா)

பதில்: கட்டாயம் சொல்ல வேண்டும், அதுவும் எழுத்தில், விற்பனை ஒப்பந்தம் முடியும் முன்பே. மனையில் பட்டியலிடப்பட்ட ஆக்கிரமிப்பு இனம் இருப்பதை விற்பவர் வாங்குபவருக்கு அறிவிக்க வேண்டும் என்று ஒழுங்குவிதி நேரடியாகவே கூறுகிறது. சிரிங்கா பொதுவாக 1ஆ பிரிவு, நகர்ப்புறத்தில் 3ஆம் பிரிவு. இலை வேம்பை ஒத்திருப்பதால் நம்மவர் சிலர் அதை வேம்பு என்று நம்பி அம்மனுக்குச் சாத்துகின்றனர், கஷாயமும் வைக்கின்றனர். சிரிங்காவின் காய் நச்சுத்தன்மை உடையது. கஷாயம் வைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

கேள்வி: எங்கள் கோயிலின் அரசமர வேர் பழைய சுற்றுமதிலைத் தூக்குகிறது. குழுவில் பாதிப் பேர் வெட்டச் சொல்கிறார்கள், பாதிப் பேர் தெய்வக் குற்றம் என்கிறார்கள். (இசிபிங்கோ)

பதில்: குழுவினர் மரத்தைப் பற்றி விவாதிக்கும்போது மதிலை மறந்துவிட்டீர்கள். 60 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கட்டுமானத்தை இடிக்கவோ மாற்றவோ 1999ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டப்படி மாகாணப் பாரம்பரிய அமைப்பின் அனுமதி வேண்டும். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அது அமாஃபா. கோயில் ஏற்கெனவே பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தால் வளாகத்தில் செய்யும் மாற்றம் எதற்கும், மரத்தை எடுப்பது உட்பட, முதலில் அவர்களிடம் போக வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், மரத்தை வைத்துக்கொண்டு மதிலைத் திருத்துங்கள். வேர் கடக்கும் இடத்தில் அடித்தளத்தை நீக்கி, இரு பக்கமும் தூண் நிறுத்தி, இடையில் வேரின் மேல் பாலம்போல் உத்திரம் போட்டு மதிலை எழுப்ப முடியும். கட்டடப் பொறியாளருக்கு இது புதிய வேலை அல்ல.

கேள்வி: தெருவோரம் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பிளேன் மரத்தின் பட்டையில் குண்டூசித் தலை அளவில் துளைகள் தெரிகின்றன. உச்சிக் கிளைகள் காய்கின்றன. வெட்டி விறகாக்கலாமா? (பீட்டர்மரிட்ஸ்பர்க்)

பதில்: வேலிக்கும் தார்ச்சாலைக்கும் இடையிலுள்ள புல்தரை நகராட்சிக்குச் சொந்தம், அங்கே நிற்கும் மரமும் அதனுடையதே. அதைத் தாங்கள் நட்டிருந்தாலும், தினமும் தண்ணீர் ஊற்றியிருந்தாலும் வெட்ட உரிமை இல்லை. பூங்காத் துறைக்கு எழுதுங்கள்.

ஆனால் தாங்கள் சொல்லும் துளைகள் அவசரத்தைக் காட்டுகின்றன. ஷாட்-ஹோல் போரர் என்னும் எள்ளளவு கருவண்டு, தன்னோடு ஒரு பூஞ்சையையும் சுமந்து மரத்துக்குள் நுழைகிறது. இந்த நாட்டில் அது முதலில் கண்டுபிடிக்கப்பட்டது தங்கள் ஊரின் தேசியத் தாவரவியல் பூங்காவில்தான், 2017இல், அதுவும் பிளேன் மரங்களில். வண்டு மரத்தைத் தின்பதில்லை. துளைக்குள் வளரும் பூஞ்சையே அதன் உணவு, அந்தப் பூஞ்சைதான் மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்துக் கிளையைக் காய வைக்கிறது. சில இனங்கள் தாக்குதலைத் தாங்கிப் பிழைத்துக்கொள்கின்றன. சிலவற்றில் வண்டு பெருகி மரம் சாகிறது. ஆகவே துளை தெரிந்த எல்லா மரங்களையும் வெட்ட வேண்டும் என்பதில்லை.

அந்த மரத்தை விறகாக்கக் கூடாது என்பதை மட்டும் மிக வலியுறுத்திச் சொல்கிறேன். வண்டு தானாகப் பறந்து போகும் தூரம் குறைவு. அதை ஊர் விட்டு ஊர் கொண்டுபோனது பெரும்பாலும் மனிதர் ஏற்றிச் சென்ற விறகுதான். வெட்டப்பட்ட கிளைகளை அந்த இடத்திலேயே சிறு துண்டுகளாக அரைக்க வேண்டும். அல்லது கனத்த பிளாஸ்டிக் விரிப்பால் ஓரம் தெரியாமல் மூடிப் பல வாரங்கள் வெயிலில் வைக்க வேண்டும். வெட்டிய ரம்பத்தையும் மறு மரத்துக்குக் கொண்டுபோகும் முன் துடைத்துக் கிருமி நீக்க வேண்டும். துளைகளின் அருகே ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்து நகராட்சிக்கு அனுப்பும் கடிதத்தோடு இணையுங்கள். தங்கள் வேலிக்குள் ஆமணக்கு, அவகாடோ, ஓக் ஏதேனும் நின்றால் அவற்றின் அடிமரத்தையும் இந்த வாரமே சுற்றிப் பாருங்கள்.

கேள்வி: முற்றத்தில் சைக்காட் எனப்படும் ஈந்துப்பனை போன்ற செடி ஒன்று வீட்டோடு வந்தது. அதைத் தங்கையின் வீட்டுக்குப் பெயர்த்துக் கொண்டுபோகலாமா? (டர்பன்)

பதில்: அனுமதிச்சீட்டு இல்லாமல் கூடாது. இந்நாட்டு சைக்காட் இனங்களை வைத்திருக்கவும், பெயர்க்கவும், கொடுக்கவும் அனுமதி வேண்டும். குவாசுலு-நட்டாலில் எஸெம்வேலோ வனவிலங்கு அமைப்பு அதை வழங்குகிறது. வீட்டை வாங்கியபோது பழைய உரிமையாளரின் சீட்டு கைமாறியதா என்று பத்திரங்களோடு தேடிப் பாருங்கள். இல்லையெனில் செடி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். படத்தோடு அந்த அமைப்புக்கு எழுதி முதலில் தங்கள் பெயரில் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தங்கையின் பேச்சு அதற்குப் பிறகு.